எங்கிருந்து இறக்கினாய்? ஒரு 1932 ஃபோர்டு ஹாட் ராடின் நிகழ்வு ஆய்வு

வண்டியைப் பட்டறைக்குள் நிறுத்தியதும் உரிமையாளர் இறங்கிப் பத்தடி பின்னால் நடந்தார். அப்புறம் திரும்பி நின்று வண்டியைப் பார்த்தார். ஹாட் ராடு, அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டிய வண்டி, வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, எனக்கும் உண்டு. நின்று பார்க்க வேண்டிய வண்டிதான். 1932 ஃபோர்டு சேஸிஸ், மட்கார்டு கழற்றிய ரோட்ஸ்டர் பாடி, உள்ளே செவர்லே 350 வி8. முன்னால் 165 ஆர் 15 டயர், பின்னால் 235/75 ஆர் 15. மூக்கு தரையை மோந்து பார்ப்பதுபோல் தாழ்ந்து, பின்பக்கம் எழும்பி நின்றது.

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணா. ஓட்டத்தான் முடியல" என்றார்.

எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன். பெட்ரோலோடு 1,060 கிலோ, அதில் முன்னால் 510, பின்னால் 550. இந்த வகை வண்டிக்கு நல்ல பங்கீடு. அதனால் கோளாறு எடையில் இல்லை.

என்ன குறை சொன்னார்

70 கி.மீ. வேகம் தாண்டினால் வண்டி தன் இஷ்டத்துக்கு அலைகிறது. கை சும்மா இருக்க முடியாது, இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் ஸ்டியரிங்கைப் பிடித்து யாரோ வெடுக்கென்று இழுப்பதுபோல் இருக்கிறது. சின்ன மேட்டில்கூட முன்னால் 'டம்' என்று இடிக்கிறது. மேடு தாண்டி இறங்கும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம்.

ஒரு சஸ்பென்ஷனில் கெடக்கூடிய எல்லாமே கெட்டுவிட்ட பட்டியல்போல் இருந்தது. இப்படி ஒரே நேரத்தில் நாலைந்து குறை வந்தால் நான் முதலில் தேய்மானத்தைச் சந்தேகப்பட மாட்டேன். கிங்பின் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு), புஷ், பேரிங் எல்லாம் புதிது, சக்கரங்கள் பேலன்ஸ் செய்தவை. யாரோ ஒருவர் உயரத்தில் கை வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.

கேட்டதும் சொல்லிவிட்டார். வண்டியைக் கட்டியவர்கள் முன்னால் 4 அங்குலம் இறக்கிய ஐ-பீம் ஆக்சில் போட்டிருந்தார்கள். அதன்மேல் குறுக்காக 8 பட்டை ஸ்பிரிங், ஆக்சிலைப் பிடிக்க இரண்டு பக்கமும் கொண்டை ஊசி வடிவக் கம்பியான ஹேர்பின், குறுக்கு டிராக் லிங்கோடு (சக்கரத்தைத் திருப்பத் தள்ளும் கம்பி) ஸ்டியரிங் பெட்டி. பின்னால் ஆக்சிலைப் பிடிக்க நாலு லிங்க், ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் மாட்டிய காயில்ஓவர். மூக்குச் சரிவு 1.5 டிகிரி என்று திட்டமிட்டிருந்தார்கள். வண்டி வீட்டுக்கு வந்ததும் மூக்கு இன்னும் கொஞ்சம் தாழ்ந்தால் நன்றாக இருக்கும் என்று இவருக்குப் பட்டிருக்கிறது. ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையைக் கழற்றினார், மூக்கு 25 மி.மீ. இறங்கியது. அடுத்து, பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் அமுங்குவதைப் பார்த்தார். காயில்ஓவரின் மரையை மேலே திருகிப் பின்பக்கத்தை 45 மி.மீ. ஏற்றினார். மூக்கு இன்னும் தாழ்ந்ததுபோல் தெரிந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயமான வேலைதான். மாட்டிக்கொண்டது என்னவோ கேஸ்டர், ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் கோணம்.

இந்தத் தோற்றம் வந்த வழி

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உரிமையாளர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கலிஃபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை ஓட்டிப் பந்தயம் விட்டார்கள். அந்தக் கிளப்புகள் சேர்ந்து 1937இல் எஸ்.சி.டி.ஏ. (சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற சங்கமே அமைத்தன. எடையும் காற்றுத் தடையும் குறைய மட்கார்டைக் கழற்றினார்கள். பின்னால் பெரிய டயர் போட்டால் அதே இன்ஜின் சுற்றுக்கு அதிக வேகம் கிடைக்கும், கியர் விகிதத்தை மாற்றாமலே. முன்னால் சின்ன டயர், இறக்கிய ஆக்சில். வேகத்துக்காகச் செய்தது அழகாகவும் அமைந்துவிட்டது. அப்போதைய வண்டியில் மூக்குச் சரிவின் பெரும்பங்கு டயர் வித்தியாசத்திலிருந்தே வந்தது என்பதை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வண்டியில் முன் டயரின் விட்டம் 645 மி.மீ., பின் டயர் 733. அரை விட்டத்தில் 44 மி.மீ. வித்தியாசம். 1932 ஃபோர்டின் இரு ஆக்சில்களுக்கு இடையே 106 அங்குலம், அதாவது 2,692 மி.மீ. இந்த நீளத்தில் ஒரு டிகிரி சரிவு என்பது 47 மி.மீ. ஆக, ஸ்பிரிங்கைத் தொடாமலே கிட்டத்தட்ட ஒரு டிகிரி டயரிலேயே இருக்கிறது.

அளந்தது

முதலில் தரை. பட்டறைத் தரை மட்டம் என்று நாம் நம்புவோம், அது மட்டமாக இருக்காது. தண்ணீர் டியூப் வைத்துப் பார்த்தால் வலது முன் சக்கரம் நிற்கிற இடம் 4 மி.மீ. தாழ்வு. தகடு வைத்துச் சரிசெய்தேன். டயர் காற்று சரிபார்த்து, டேங்க் பாதி நிரப்பி, ஓட்டுநர் சீட்டில் 80 கிலோ மணல் மூட்டை வைத்தேன். நாலு மூலையிலும் அமுக்கிக் குலுக்கி, வண்டியை ஒரு வண்டி நீளம் முன்னால் தள்ளிப் பின்னால் கொண்டுவந்தேன். ஜாக்கியிலிருந்து இறக்கின வண்டியில் டயர் பக்கவாட்டில் இறுகி நிற்கும். அப்படியே அளந்தால் கிடைக்கிற எண் எதற்கும் உதவாது. இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு நாள் கணக்கில் குழம்பினவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் நானே.

கோணமானியை ஃபிரேமின் நேரான பகுதியில் வைத்தேன், 3 டிகிரி. திட்டத்தில் இருந்தது 1.5. முன்னால் 25, பின்னால் 45, சேர்த்து 70 மி.மீ., அதாவது இன்னொரு 1.5 டிகிரி. கணக்கு சரியாக உட்கார்ந்தது.

அடுத்து கேஸ்டர். கிங்பின்னின் மேல்நுனி பின்னால் சாய்ந்திருக்கும் கோணம் அது. சைக்கிளில் கையை விட்டும் ஓட்ட முடிவதற்கு முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம், அதே சங்கதி. முழு ஆக்சில் உள்ள ஹாட் ராடுக்கு 5 முதல் 7 டிகிரி வேண்டும். இதில் இருந்தது 2. எல்லாம் புதுச் சாமான் போட்ட வண்டியில் 2 எப்படி வரும்? ஹேர்பின் நுனியில் திருகி ஆக்சிலோடு மாட்டும் கவடான கிளெவிஸில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி, ஃபிரேமை வைத்து அளந்தபோது விடை வந்தது. ஃபிரேமுக்கும் கிங்பின்னுக்கும் இடையே சரியாக 5 டிகிரி. கட்டியவர்கள் ஃபிரேமை ஜிக்கில் (வேலை செய்யும்போது பிடித்து வைக்கும் சட்டம்) மட்டமாக வைத்து 5 டிகிரி வைத்திருக்கிறார்கள். வண்டி சாலையில் மட்டமாகவா நிற்கிறது? மூக்கு எத்தனை டிகிரி தாழ்கிறதோ அத்தனை டிகிரி கிங்பின்னும் முன்னால் சாய்ந்துவிடும். முதல் நாளே 3.5தான் இருந்திருக்கும். அப்புறம் இவர் 1.5 டிகிரியைச் செலவழித்தார்.

முன் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் லேசாக உள்நோக்கி நிற்கும் டோ-இன் இருக்க வேண்டிய இடத்தில், வெளிநோக்கி விரியும் டோ-அவுட் 2 மி.மீ. இருந்தது. அலைச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். சரிசெய்வது சுலபம் என்பதால் கடைசிக்கு விட்டேன்.

'டம்' சத்தத்துக்கு டார்ச் அடித்துப் பார்த்தாலே போதுமாயிருந்தது. ஆக்சிலின் மேல்பக்கமும் ஃபிரேமின் அடிப்பக்கமும் ஒன்றையொன்று முட்டின இடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. நடுவில் இடைவெளி 28 மி.மீ. எனக்கு 75ஆவது வேண்டும். பட்டை கழற்றுவதற்கு முன்னாலும் 53தான் இருந்திருக்கிறது, அதுவும் குறைச்சல்.

இறக்குவதில் இரண்டு வகை

இந்த வேலை முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நின்றது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இறக்கிய ஆக்சிலில் சக்கரம் மாட்டும் முனைகள் மேலே வளைந்திருக்கும், நடுப்பகுதி தாழ்ந்திருக்கும். ஆக்சிலின் நடுப்பகுதியோடு ஸ்பிரிங், ஃபிரேம் எல்லாம் சேர்ந்தே தரையை நோக்கி இறங்கும். ஃபிரேமுக்கும் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரம் மாறாது. ஆக, சக்கரம் மேலெழும்பி ஆடுவதற்கான இடம் அப்படியே இருக்கும். சின்ன டயர் போட்டு இறக்கினாலும் இப்படித்தான்.

பட்டை கழற்றினால் நடப்பது வேறு. ஃபிரேம் ஆக்சிலை நோக்கி இறங்குகிறது. ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஆட்டத்திலிருந்து எடுத்தது. ஸ்பிரிங்கின் முனை வளையமான கண்ணைத் திருப்பிச் சுருட்டிய ரிவர்ஸ் ஐ வகையும் இதில்தான் சேரும், முன் குறுக்குச் சட்டத்தைத் தட்டையாக்குவதும் இதில்தான். அளவாகச் செய்தால் குற்றமில்லை. ஆனால் பட்டை கழற்றுவதில் கூடுதலாக ஒரு கேடு உண்டு. ஸ்பிரிங் மென்மையாகிவிடும். முழு எட்டுப் பட்டையில் இந்த வண்டியின் முன்பாரத்துக்கு ஸ்பிரிங் 75 மி.மீ. அமுங்கும். இரண்டைக் கழற்றியதும் வலு ஏறக்குறைய கால்பங்கு குறைந்து 100 மி.மீ. அமுங்குகிறது, அந்த 25தான் மூக்கு இறங்கிய 25. ஆட இடம் குறைந்த அதே நேரத்தில், அதிகமாக ஆடவும் வைத்துவிட்டோம். 'டம்' என்று அடிக்காமல் என்ன செய்யும்?

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் இறக்கிய வண்டி எது வந்தாலும் நான் முதலில் கேட்பது எங்கிருந்து இறக்கினாய் என்றுதான்.

பக்கவாட்டு ஆட்டம்

குழியில் கையை இழுப்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க உரிமையாளரை உள்ளே உட்காரவைத்து, நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொன்னேன். நான் முன்னால் படுத்துக்கொண்டு பார்த்தேன். ஸ்டியரிங் திரும்பியது. சக்கரம் திரும்புவதற்கு முன்னால் ஃபிரேம் ஆக்சிலின்மேல் 9 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தது. மறுபக்கம் திருப்பினால் அங்கேயும் அதே அளவு. அவரையும் இறங்கிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஃபோர்டு மாடல் டி காலத்திலிருந்து 1948 வரை குறுக்கு ஸ்பிரிங்கை விடவே இல்லை, 1949 மாடலில்தான் மாற்றியது. ஸ்பிரிங்கின் இரு முனைகளும் ஷேக்கிள் என்ற ஆடும் குட்டி இணைப்பில் தொங்கும். பாரம் ஏறிய நிலையில் அந்த ஷேக்கிள் ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து நின்றால் பக்கவாட்டில் ஓரளவு பிடிமானம் இருக்கும். பட்டை குறைந்து ஸ்பிரிங் தட்டையானதும் அதன் கண்கள் வெளிப்பக்கம் நகர்ந்து ஷேக்கிள்கள் செங்குத்துக்கு அருகே வந்துவிட்டன. ஊஞ்சல் மாதிரி. இதில் ஸ்டியரிங் டிராக் லிங்க் குறுக்காகத் தள்ளும் வகை. அது சக்கரத்தைத் திருப்பும் முன் வண்டியையே தள்ளுகிறது. இந்த வகை ஸ்டியரிங்குக்குப் பான்ஹார்ட் பார் கட்டாயம் வேண்டும். ஆக்சிலைப் பக்கவாட்டில் நகரவிடாமல் ஃபிரேமோடு பிடிக்கும் கம்பி அது. முன்பக்கத்தின் அழகைக் கெடுக்கும் என்று கட்டியவர்கள் விட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பின்பக்கம்

காயில்ஓவர் இரண்டும் 30 டிகிரி உள்பக்கம் சாய்ந்து நின்றன. சாய்ந்த ஸ்பிரிங்கின் வலு சக்கரத்துக்கு முழுசாகப் போய்ச் சேராது. சாய்வுக் கோணத்தின் கோசைனை வர்க்கப்படுத்திப் பெருக்க வேண்டும், 30 டிகிரிக்கு 0.75. போட்டிருந்தது அங்குலத்துக்கு 150 பவுண்டு ஸ்பிரிங், சக்கரத்துக்குக் கிடைத்தது 112 பவுண்டு. இந்த வண்டியின் பின்பாரத்துக்கு நேராக நின்றால் 78 மி.மீ. அமுங்க வேண்டியது, 104 அமுங்கியிருக்கிறது. அமுங்க அமுங்கச் சாய்வும் கூடும், கூடினால் வலு இன்னும் குறையும்.

இவர் மரையைத் திருகி ஏற்றியதில் ஸ்பிரிங் ஒரு துளிகூடக் கடினமாகவில்லை. ஷாக் நீண்டுபோய் நின்றதுதான் மிச்சம். 100 மி.மீ. ஆட்டமுள்ள ஷாக்கில் மேலும் நீள வெறும் 15தான் பாக்கி. மேடு தாண்டியதும் ஆக்சில் தொங்கி, ஷாக் உள்ளே முட்டி, 'டொக்'.

செய்தது

உயரத்தை முதலில் முடிவு செய்தோம். மூக்கு இப்போதிருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதை உரிமையாளர் விட்டுக்கொடுக்க மாட்டார், எனக்கும் பிடித்திருந்தது. பின்பக்கம் 45 மி.மீ. இறங்கிப் பழைய இடத்துக்கு வரும். சரிவு 3 டிகிரியிலிருந்து 2 ஆகும். அட்டையில் கோடு போட்டு ஒட்டிக்காட்டினேன், ஒத்துக்கொண்டார்.

கழற்றிய இரண்டு பட்டையையும் திரும்பப் போட்டோம். நல்ல வேளையாகத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். மூக்கு 25 மி.மீ. ஏறியது. 4 அங்குல ஆக்சிலை எடுத்துவிட்டு 5 அங்குலம் இறக்கியதைப் போட்டோம். மூக்கு 25 மி.மீ. இறங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளே இடைவெளி 28இலிருந்து 53 ஆகிவிட்டது. மிச்சத்துக்கு ஆக்சிலுக்கு நேர்மேலே ஃபிரேமின் அடியைப் பிறைவடிவில் வெட்டி, 5 மி.மீ. தகடு வைத்து மூடி வெல்ட் செய்தோம், தகடு போக 22 மி.மீ. கிடைத்தது. 75. ஷேக்கிள்களும் தானாக 45 டிகிரிக்குத் திரும்பின.

ட்யூப் ஆக்சில் போட்டால் எடை குறையுமே என்று கேட்டார். ஹேர்பினோடு வேண்டாம் என்றேன். ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது ஹேர்பின் ஆக்சிலை முறுக்கும். ஐ-பீம் முறுகிக்கொடுக்கும், ட்யூப் கொடுக்காது. அந்த முறுக்கு போய்ப் பிராக்கெட்டின் வெல்டில் உட்காரும். ட்யூப் வேண்டுமானால் நாலு பார் அமைப்புக்குப் போக வேண்டும்.

புது ஆக்சில் ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. சக்கர முனைகள் 25 மி.மீ. மேலே போனதால் ஸ்டியரிங் ஆர்மும், இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடும் கூடவே மேலே போய்விட்டன. முழுக்கத் திருப்பினால் ஹேர்பினுக்கும் டை ராடுக்கும் 6 மி.மீ.தான் இடைவெளி. பள்ளத்தில் அது உரசும். கீழே வளைத்த ஆர்ம் போட்டோம். போட்ட கையோடு சக்கர ரிம்மின் அடிவிளிம்புகளுக்கு நூல் கட்டிப் பார்த்தேன். ஒரு டயர் சட்டென்று காற்றிழந்தால் வண்டி ரிம்மில் உட்காரும். அந்தக் கோட்டுக்குக் கீழே எது தொங்கினாலும் தரையைக் கிழிக்கும். இதில் மிகத் தாழ்வானது ஹேர்பின் பிராக்கெட்டின் அடிப் போல்ட், கோட்டுக்கு 11 மி.மீ. மேலே. போதும்.

கேஸ்டருக்கு இந்த முறை ஜிக் இல்லை, வண்டி நிற்கிற நிலையிலேயே வைத்தோம். தரையிலிருந்து பார்த்து 6 வேண்டும், சரிவு 2, ஆகவே ஃபிரேமுக்கு 8. முன்பு இருந்தது 5, இன்னும் 3 டிகிரி சாய்க்க வேண்டும். ஹேர்பினின் மேல் போல்டுக்கும் கீழ் போல்டுக்கும் நடுவே 130 மி.மீ., அதில் 3 டிகிரி என்பது 6.8 மி.மீ. கிளெவிஸ் மரை அங்குலத்துக்கு 18, ஒரு சுற்றுக்கு 1.4 மி.மீ. மொத்தம் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. மேலே இரண்டரைச் சுற்று உள்ளே, கீழே இரண்டரைச் சுற்று வெளியே. ஒரே பக்கத்தில் முழுசையும் திருகினால் ஆக்சில் முன்னாலோ பின்னாலோ நகர்ந்துவிடும். கிளெவிஸ் முழுச் சுற்றாகத்தான் போல்டில் மாட்டும் என்று நினைக்காதீர்கள், அரைச் சுற்றிலும் மாட்டும். கால் சுற்றுதான் முடியாது. கீழ்க் கம்பியை வெளியே எடுத்த பிறகு மரை எவ்வளவு உள்ளே பாக்கி இருக்கிறது என்று அளந்தேன். 16 மி.மீ. கம்பிக்குக் குறைந்தது அதே 16 மி.மீ. பிடிப்பு வேண்டும், இருந்தது 21. முடித்ததும் இரு பக்கமும் முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சில் வரை அளந்தோம். இடது 2,692, வலது 2,691.

பான்ஹார்ட் பாரை டிராக் லிங்குக்கு இணையாக, கிட்டத்தட்ட அதே நீளத்தில், ஸ்டியரிங் பெட்டி இருக்கிற பக்கத்தில் ஃபிரேமோடும் எதிர்ப்பக்கத்தில் ஆக்சிலோடும் மாட்டினோம். இரண்டும் ஒரே வில்லில் ஆடினால்தான் சக்கரம் ஏறி இறங்கும்போது கையில் இழுக்காது. நிற்கிற உயரத்தில் இரண்டும் படுக்கையாக இருக்க வேண்டும். கறுப்பு அடித்து ரேடியேட்டர் கீழே மறைத்தபின் உரிமையாளருக்கே அது கண்ணில் படவில்லை.

பின்னால் ஷாக்கின் மேல்முனையை 80 மி.மீ. வெளியே நகர்த்தி 15 டிகிரி சாய்வுக்குக் கொண்டுவந்தோம். மேல்முனை 33 மி.மீ. உயர்ந்துவிட்டதால் டிக்கித் தரையில் இரண்டு மேடு கட்ட வேண்டியதாயிற்று. அரைநாள் அதற்கே போனது. 15 டிகிரிக்கு பெருக்க வேண்டியது 0.93, அதே ஸ்பிரிங் இப்போது 84 மி.மீ. அமுங்கி நிற்கிறது. புது ஸ்பிரிங் வாங்கவில்லை. ஷாக்கில் மேலே போக 60, கீழே தொங்க 40.

கடைசியாக டோ-இன் 2.5 மி.மீ. கார்புரேட்டர் அடித்தட்டு இன்னும் 2 டிகிரி முன்னால் சாய்ந்திருந்ததால் ஆப்பு வடிவ ஸ்பேசர் ஒன்று. பிரேக் அடிக்கும்போது இன்ஜின் முக்குவதாக அவர் சொல்லவே இல்லை, ஆனால் இதற்கப்புறம் அது நின்றுவிட்டது என்றார்.

ஓட்டிப் பார்த்தது

100 கி.மீ. வேகத்தில் இரண்டு விரலால் பிடித்து ஓட்டலாம். வளைவு முடிந்தால் ஸ்டியரிங் தானே நேருக்கு வருகிறது. 'டம்'மும் இல்லை 'டொக்'கும் இல்லை. ஆனால் வண்டியை நிறுத்துமிடத்தில் திருப்பும்போது ஸ்டியரிங் முன்பைவிடக் கனமாக இருக்கிறது. கேஸ்டர் கூடினால் அப்படித்தான் இருக்கும், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. இதை முன்னாலேயே சொல்லியிருந்தேன், இருந்தாலும் கொஞ்சம் முணுமுணுத்தார்.

800 கி.மீ. ஓடியபின் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். திரும்பக் கோத்த பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து மூக்கு 6 மி.மீ. இறங்கியிருந்தது. கேஸ்டரில் அது 0.1 டிகிரிதான், தொடவில்லை. ஆனால் பான்ஹார்ட் பார் படுக்கை நிலையிலிருந்து விலகியிருந்ததால் ஆக்சில் பக்கப் பிராக்கெட்டில் வைத்திருந்த அடுத்த துளைக்கு மாற்றினேன். நான் அடியிலிருந்து எழுந்து வந்தபோது அவர் பத்தடி தள்ளி நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"6 மி.மீ. இறங்கினது இன்னும் நல்லா இருக்கு, இல்ல?" என்றார்.

பட்டைகளைக் கட்டியிருக்கும் நடு போல்டை வெல்ட் செய்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.